ஷகுஹாச்சி: தலையாட்டி ஊதும் குழல்

புல்லாங்குழலை நாம் குறுக்கே பிடித்து ஊதுகிறோம். ஜப்பானின் ஷகுஹாச்சியை நாகஸ்வரம் போல நேராகப் பிடிக்க வேண்டும். ஆனால் சீவாளி கிடையாது. மூங்கிலை வேரோடு தோண்டியெடுத்து, அந்த அடிப்பகுதியில் செய்யும் சுமார் 54 செ.மீ. குழல் இது. மேல் விளிம்பை வெளிப்பக்கமாகச் சாய்த்துச் சீவியிருப்பார்கள். உதட்டிலிருந்து வரும் காற்று அந்த விளிம்பில் பட்டுப் பிளந்தால்தான் நாதம். கோணம் இம்மி பிசகினாலும் வெறும் காற்றுதான்.

துளைகள் ஐந்தே: முன்னால் நான்கு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. வரிசையாகத் திறந்துகொண்டே போனால், நமக்குப் பழகிய சுத்த தன்யாசியின் சுரங்கள் வந்துவிடும்! மற்ற சுரங்களுக்குத் துளையைப் பாதி மூடித் தலையையும் தாழ்த்த வேண்டும். உதடு விளிம்பை நெருங்க, சுருதி இறங்கும், நிமிர்ந்தால் ஏறும். தலையாட்டப் பழகவே மூன்று வருடம் என்பது அங்கே வழக்கு.

எடோ காலத்தில் (1603–1868) இந்தக் குழலைத் தங்களுக்கே உரியதாக்கிக்கொண்டவர்கள் ஃபுகே என்ற ஜென் பிரிவின் கொமுசோ துறவிகள். முகத்தை மறைக்கும் கூடைத் தொப்பியோடு, ஊதியபடியே பிச்சை எடுத்தார்கள். பலர் எஜமானை இழந்த சாமுராய்கள். தங்கள் சலுகைகளுக்கு ஆதாரமாக அவர்கள் காட்டிய 1614-ஆம் ஆண்டு அரசாணை போலி என்பதே ஆய்வாளர்களின் கருத்து. ஒற்றர்கள் என்ற சந்தேகமும் அவர்களை விடவில்லை. முகம் தெரியாமல் ஊர் ஊராகப் போனால் சந்தேகம் வராதா என்ன?

ஆவணம் போலியாக இருக்கலாம், சாதகம் அப்படியல்ல. அவர்கள் கண்ணில் குழல் வாத்தியமே அல்ல, வழிபாட்டுக் கருவி. மற்ற ஜென் துறவிகள் அமர்ந்து கவனித்த மூச்சை இவர்கள் ஊதிக் காதால் கவனித்தார்கள். ஹொன்கியோகு எனப்படும் பழைய உருப்படிகளில் கட்டான தாளம் இல்லை. ஒரு மூச்சு எவ்வளவு நீளமோ, ஒரு தொடரும் அவ்வளவுதான், பிறகு மௌனம். மனம் வேறெங்கோ போனால் மூச்சு தடுமாறும், சுரம் உடனே காட்டிக்கொடுக்கும். எல்லாத் துளைகளையும் மூடி எழுப்பும் 'ரோ' என்ற அடிச்சுரத்தை மட்டும் தினமும் பத்து நிமிடம் ஊதும் பயிற்சி இன்றும் உண்டு. குரோசாவா கின்கோ (1710–1771) திரட்டிய 36 உருப்படிகள் அவர் பெயர்கொண்ட மரபில் தொடர்கின்றன.

1871-இல் மெய்ஜி அரசு ஃபுகே பிரிவைக் கலைத்தது. குழல் மேடைக்கு வந்தது. 1967-இல் தொரு தகெமித்சு அதை மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து இசையமைத்தார். மேடைக் குழலின் உட்புறத்தில் பூச்சுக் கலவை பூசி இழைத்துச் சுருதியைச் சரிசெய்கிறார்கள். தியானத்துக்காக ஊதுகிறவர்களில் பலர் அந்தப் பூச்சில்லாத குழலையே கேட்டு வாங்குகிறார்கள். மூங்கிலின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும்.