கட்டாத வீடும் காட்டாத கதையும்

கியட் ஹோங்கில் எங்கள் புளோக்கின் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்றால், கிராஞ்சி விரைவுச்சாலைக்கு அந்தப் பக்கம் தெங்காவின் பாரந்தூக்கிகள் தெரியும். அங்கே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் ஒன்றில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு நான்கறை வீடு இருக்கிறது. 'இருக்கிறது' என்பது இலக்கணப் பிழை. இருக்கப்போகிறது. முன்பணம் மட்டும் எப்போதோ போய்விட்டது.

போன மாதம் அக்கா மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். உயர்நிலை நான்கில் படிக்கிறான். புதிதாக வரவிருக்கும் ஒரு வீடியோ கேமுக்கு சீசன் பாஸ், ஐம்பது வெள்ளி. அடுத்த ஓராண்டில் நான்கு கூடுதல் அத்தியாயங்கள் வருமாம். பெயர் தெரியாது, கதை தெரியாது, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதும் தெரியாது. திரையில் நான்கு சாம்பல் நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டுப் படம்.

"என்ன வரப்போகுதுன்னே தெரியாம யாராவது காசு கட்டுவாங்களாடா?" என்றேன்.

அவன் தெங்கா பக்கம் கையைக் காட்டினான். "நீங்க கட்டினீங்கல்ல, மாமா?"

சட்டென்று பதில் வரவில்லை. பையன் கேட்டது குறும்புக் கேள்விதான், ஆனால் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் அரை நூற்றாண்டாகப் புரட்டிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் அந்தச் சொல். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்ரயிலில் போய்வந்தவர்களுக்கு 'சீசன்' என்றால் என்னவென்று தெரியும்: மாதம் முழுக்க அதே தடம், அதே வண்டி, அதே நெரிசல். இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்துமிடத்துக்கு நாம் கட்டும் சீசனும் அப்படித்தான். வாங்கும் பொருள் எது என்பதில் ஐயமே கிடையாது. கேம் நிறுவனங்கள் நம்பிக்கையூட்டும் இந்தப் பழைய சொல்லை எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் மூடிவிட்டன. 2011-இல் 'எல்.ஏ. நுவார்' என்ற துப்பறியும் கேமுக்கு ராக்ஸ்டார் விற்ற பாஸ் முன்னோடிகளில் ஒன்று. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, பெரிய கேம் என்றால் கூடவே ஒரு பாஸும் உண்டு என்றாகிவிட்டது.

'பேட்டில் பாஸ்' என்பது வேறு வகை. 2022 அக்டோபரில், தீபாவளி முடிந்த அதே வாரக் கடைசியில், 'டோட்டா 2' உலகப் போட்டியின் இறுதிச் சுற்று நம் சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது நினைவிருக்கலாம். பரிசுத் தொகை கிட்டத்தட்ட 1 கோடியே 89 லட்சம் அமெரிக்க டாலர். அதன் பெரும்பகுதி, ரசிகர்கள் வாங்கிய பேட்டில் பாஸ் விற்பனையில் 25 விழுக்காட்டை ஒதுக்கிச் சேர்த்தது. அந்த வகைப் பாஸில் எந்தப் படியில் என்ன கிடைக்கும் என்ற பட்டியல் பெரும்பாலும் முன்னாலேயே இருக்கும். மருமகன் காட்டியதில் பட்டியல் இல்லை. பூட்டுத்தான் இருந்தது.

என் கட்சிக்கு எதிரான சாட்சியை முதலில் கூப்பிடுகிறேன். 2015 செப்டம்பரில் பெத்தெஸ்டா நிறுவனம் 'ஃபால்அவுட் 4' கேமுக்கு 30 அமெரிக்க டாலரில் சீசன் பாஸ் அறிவித்தது. உள்ளே என்ன வரும் என்று இன்னும் தங்களுக்கே தெரியாது என வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் விற்றது. அடுத்த பிப்ரவரியில் முதல் மூன்று வெளியீடுகளின் விவரம் வந்தது. கூடவே, மார்ச் 1 முதல் பாஸின் விலை 50 டாலர் என்ற செய்தியும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களுக்கு 20 டாலர் ஆதாயம். கடைசியில் ஆறு வெளியீடுகள் வந்தன. தனித்தனியாக வாங்கினால் ஏறத்தாழ 70 டாலர். அதில் மூன்று, கட்டுமானப் பொருள்களைத் தரும் சிறு பொட்டலங்கள். கதை மட்டும் வேண்டுமென்று மற்ற மூன்றை வாங்கியிருந்தாலும் 55 ஆகியிருக்கும்.

ஆக, குருட்டு நம்பிக்கை வென்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2017 செப்டம்பரில் அதே கேம், ஆறு வெளியீடுகளையும் சேர்த்து, ஒரே பொதியாக 60 டாலருக்கு வந்தது. முதல் நாளே கேமும் பாஸும் வாங்கியவர் கொடுத்தது 90. ஒன்றுமே செய்யாமல் இரண்டு ஆண்டு சும்மா இருந்தவர் எல்லாரையும் தோற்கடித்தார்.

சும்மா இருப்பதற்கு ஒரு விலை உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் மும்பையில் பிறந்த அவினாஷ் தீட்சித். ராபர்ட் பிண்டைக்குடன் சேர்ந்து 1994-இல் அவர் எழுதிய நூல், நிறுவனங்கள் எப்போது முதலீடு செய்யலாம் என்பதைப் பற்றியது. அதன் சாரத்தை என் பாணியில் சொல்கிறேன். கொடுத்த பணம் திரும்பாது. என்ன கிடைக்கும் என்பது தெளிவில்லை. ஆனால் பொறுத்திருந்தால் தெளிவு பிறக்கும். இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில், பொறுத்திருக்கும் உரிமையே ஒரு சொத்து. இன்றே வாங்குகிறவர் பொருளின் விலையோடு அந்தச் சொத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார். ரசீதில் அது வராது. ரசீதில் வருவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி மட்டும்தான். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் அது உண்டு.

இந்த இடத்தில்தான் மருமகனுக்கான பதில் எனக்குப் பிடிபட்டது. கட்டும் முன்பே விற்கப்படும் பிடிஓ வீடுகளில், தெங்காவின் முதல் தொகுதி வீடுகள் 2018 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. நாங்கள் எடுத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு செங்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் பரப்பளவு தெரியும், மாடி தெரியும், விலை தெரியும், குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை வரைபடத்தில் இருந்தது. அதைவிட முக்கியம், வரிசை எண். எங்களுக்குப் பின்னால் ஆள் நின்றது. அன்று வேண்டாம் என்றிருந்தால் அந்த வீடு வேறொருவருக்குப் போயிருக்கும். பொறுத்திருக்கும் உரிமை எங்கள் கையில் இருக்கவே இல்லை. இல்லாத ஒன்றை இழக்க முடியாது. மின்னிலக்கப் பாஸ் தீர்ந்துபோகிற சரக்கா? கடைசிப் பிரதியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை. 'முன்பதிவுச் சலுகை முடிய 3 நாள்' என்று திரையில் ஓடும் கடிகாரம், இல்லாத வரிசையை இருப்பதாகக் காட்டும் வேலை.

முன்பணம் கட்டுவது நம்மவர்களுக்குப் பழக்கம்தான். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நடக்கும் தீபாவளிச் சீட்டில் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். ஆனால் அட்டையில் எழுதியிருக்கும்: எண்ணெய் இத்தனை லிட்டர், வெல்லம் இத்தனை கிலோ, பட்டாசுப் பெட்டி ஒன்று. 'நான்கு இனிப்புகள், விவரம் பின்னர்' என்று அச்சடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் எந்த அத்தையாவது சேருவாரா?

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையைப் பற்றி ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பியனுப்பின. 2001-இல் நோபல் பரிசு வந்தது. பழைய கார் அவருடைய உதாரணம். கோளாறுள்ள காரை அமெரிக்கர்கள் 'லெமன்' என்பார்கள். 2012 செப்டம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த 'லெமன் சட்டம்' என்ற பேரும் அங்கிருந்து வந்ததே. இந்தக் கோட்பாட்டை சீசன் பாஸுக்கும் அப்படியே பொருத்திப் பலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பழைய கார் விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும். வராத அத்தியாயத்தை விற்பவருக்கோ பல நேரம் எதுவும் தெரியாது. மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை என்பதுதான் சிக்கல்.

தன் வேலை எப்போது முடியும் என்பதுகூடச் செய்பவருக்குத் தெரியாது என்பதற்குச் சான்று, கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் கற்பனை செய்யக்கூடிய மிக மோசமான நிலையைவிட உண்மை மோசமாக இருந்தது, அவ்வளவே. உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. ஒன்-நார்த்தில் இயங்கும் யூபிசாஃப்ட் சிங்கப்பூர் உருவாக்கிய கடற்கொள்ளையர் கேம் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது, மறு ஆண்டு வரும் என்று. பலமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில் வந்தது. அறிவிப்பு வந்தபோது தொடக்கப்பள்ளி இரண்டில் இருந்த பிள்ளை, கேம் வந்தபோது உயர்நிலை மூன்றில் இருந்தான். தாமதமாவது பரவாயில்லை. 'ஃபைனல் ஃபேன்டஸி 15'-க்கு அறிவிக்கப்பட்ட நான்கு கூடுதல் அத்தியாயங்களில் மூன்று, 2018 நவம்பரில் ஒரேயடியாக ரத்தாயின.

இவ்வளவு தெரிந்தும் ஏன் வாங்குகிறோம்? மூளையைக் கேட்டால் ஒரு விசித்திரமான விடை கிடைக்கிறது. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸின் ஆய்வகம் 2003-இல் குரங்குகளை வைத்துச் செய்த சோதனையில், திரையில் ஒரு படம் வரும், சற்றுப் பொறுத்துப் பழச்சாறு வரலாம், வராமலும் போகலாம். நிச்சயம் வரும் என்றாலோ நிச்சயம் வராது என்றாலோ காத்திருக்கும் நேரத்தில் டோபமின் நரம்பணுக்கள் அமைதியாக இருந்தன. வாய்ப்பு சரிபாதி என்றபோதுதான் அவற்றின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்குப் போனது. குரங்கின் பழச்சாற்றிலிருந்து பதினாறு வயதுப் பையனின் ஐம்பது வெள்ளிக்கு நேரடியாகத் தாவுவது சரியில்லை. இருந்தாலும் அந்தச் சாம்பல் கட்டங்களில் பூட்டுப் படம் போட்டவருக்கு இந்த உண்மை, படித்தோ படிக்காமலோ, தெரிந்திருக்கிறது.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஜார்ஜ் லோவென்ஸ்டைன் 1987-இல் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்: உங்கள் மனத்துக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் ஒரு முத்தம் தருவார் என்றால் எவ்வளவு கொடுப்பீர்கள்? இப்போதே, மூன்று மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, மூன்று நாள் கழித்து, ஓராண்டு, பத்தாண்டு. பாடப்புத்தகப் பொருளியல்படி 'இப்போதே' என்பதற்குத்தான் அதிக விலை விழ வேண்டும். மூன்று நாள் கழித்து என்பதற்கு விழுந்தது. பத்தாண்டு என்றதும் மதிப்பு சரிந்தது. அந்த மூன்று நாள் கனவுக்கும் சேர்த்தே மாணவர்கள் பணம் கொடுக்க முன்வந்தார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் திரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பாஸ் வாங்கியவனுக்கும் அந்த இன்பம் கிடைக்கிறது. முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான், நண்பர்களோடு ஊகம் செய்கிறான், இலகு ரயிலில் சண்டை போடுகிறான். அதைப் பணத்துக்குப் பிடித்த கேடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும்: இதில் பெரும்பகுதி, பணம் கட்டாதவனுக்கும் இலவசம்.

பணம் கட்டிய பிறகு மனம் என்ன செய்கிறது என்பதற்கு, நம் விஷயத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரு சோதனை இருக்கிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985-இல் வெளியிட்டது. ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்த முதல் 60 பேர். விலை 15 டாலர். சிலருக்கு முழு விலை. சிலருக்கு, அவர்கள் கேட்காமலேயே, 2 டாலர் தள்ளுபடி. சிலருக்கு 7 டாலர். யாருக்கு எது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்தார்கள். டிக்கெட்டின் நிறம் வேறு வேறு என்பதால் யார் வந்தார்கள் என்று பின்னால் எண்ண முடிந்தது. முதல் பாதியின் 5 நாடகங்களில், முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக 4.1 நாடகங்களுக்கு வந்தார்கள். தள்ளுபடிக்காரர்கள் 3.3. நாடகம் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றுதான். வரவைத்தது நாடகமல்ல, போன காசு. இரண்டாம் பாதியில் இந்த வேறுபாடு மறைந்துபோனது. ஆறு மாதத்தில் காசின் வலி ஆறிவிடுகிறது.

சீசன் பாஸ் வாங்கியவர் நிலையும் இதுவாகவே இருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தை, பிடிக்கிறதோ இல்லையோ, காசு கொடுத்த குற்றத்துக்காக ஆடி முடிப்பார். நான்காவது வரும்போது, கொடுத்ததே மறந்திருக்கும். ஆண்டு முழுக்கப் பகுதி பகுதியாக அனுபவிக்கும் பொருளுக்கு, அனுபவம் தொடங்கும் முன்னரே முழுப் பணம்.

நிலைமை கொஞ்சம் திருந்தியிருக்கிறது. கணினி கேம்களின் பெரிய கடையான ஸ்டீம் 2024 நவம்பரில் விதி கொண்டுவந்தது: பாஸ் விற்பவர் உள்ளே என்னென்ன, ஏறத்தாழ எப்போது என்று சொல்ல வேண்டும், அறிவித்தது ரத்தானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மருமகன் ஆடுவது கணினியில் அல்ல.

அடுத்த ஞாயிறு அவன் சாப்பிட வந்தபோது இதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். வரிசை எண் வரை கேட்டான். முத்தக் கதைக்குச் சிரித்தான். நாடக அரங்குக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினான். போன ஆண்டு வாங்கிய ஒரு பாஸ். நான்கில் கடைசி இரண்டை இன்னும் பதிவிறக்கம்கூடச் செய்யவில்லை.

"மறந்தே போச்சு, மாமா."

"இந்தத் தடவை?"

"ஃபர்ஸ்ட் எபிசோட் வரட்டும். மத்தவங்க ஆடிப் பார்த்துச் சொல்லட்டும். அது மட்டும் தனியா வாங்கிக்கிறேன்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா என் ஃபிரெண்ட்ஸ் நாலு பேரும் பாஸ் வாங்கிட்டா நானும் வாங்கிடுவேன். அன்னிக்கி ராத்திரி அவங்களோட சேர்ந்து ஆட முடியலேன்னா அப்புறம் எதுக்கு?"

அதற்கு எந்தப் பேராசிரியரிடமும் நான் மறுப்புத் தேடவில்லை. நியாயமான கணக்கு. பொறுத்திருப்பதன் உண்மையான செலவு அது ஒன்றுதான், அதை அவனே கண்டுபிடித்துவிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் தாழ்வாரத்துக்கு வந்தோம். ஜூரோங் வட்டார ரயில் பாதையின் முதல் கட்டம் சுவா சூ காங்கிலிருந்து தெங்கா வழியாக ஓடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்குவதற்குள் சாவி வந்துவிடுமா என்று கேட்டான். அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்து வந்து கைப்பிடிச் சுவரில் விரித்துக் காட்டினேன். வெகு நேரம் குனிந்து பார்த்தான்.

"டிவியை எந்தச் சுவத்துல மாட்டுவீங்க, மாமா?"