மகன் சம்பாதித்தால் அம்மாவின் வாடகை உதவி போய்விடுமா?

“பிள்ளை வேலைக்குப் போகிறான், இனி எனக்கு பெனிபிட் கிடையாது” என்று தாங்களே முடிவுகட்டி, விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பெற்றோர் இங்கிலாந்துத் தமிழர்களிடையே உண்டு. அது தவறான எண்ணம். சம்பாதிக்கும் பிள்ளையோடு ஒரே வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை உதவி கேட்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது, வாடகை ஒப்பந்தத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தாய்க்கு வயது 50, மகனுக்கு 26. இரண்டு படுக்கையறை கொண்ட தனியார் வீடு, மாத வாடகை 1,400 பவுண்டு. தாய் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கிறார்.

தாயின் பெயர் மட்டும் இருந்தால்: மகனுக்கும் ஓர் அறை கணக்கில் சேரும். மகன் 21 வயது நிரம்பியவர் என்பதால் அவர் பங்காக ஒரு தொகை கழிக்கப்படும். 2025-26இல் அது மாதம் 93.02 பவுண்டு. அவர் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கழிவு அதேதான். மீதி 1,306.98 பவுண்டு. தாய், உடல்நலக் குறைவோ ஊனமோ உள்ளவர்களுக்கான பிப் (PIP) உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பெற்றால் கழிவே கிடையாது.

இருவர் பெயரும் இருந்தால்: கழிவு இல்லை. ஆனால் வாடகை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, தாயின் பங்கான 700 பவுண்டு மட்டுமே கணக்கில் வரும்.

மகன் பெயர் மட்டும் இருந்தால்: கூடவே வசிக்கும் மகனுக்குத் தாய் கொடுக்கும் பணத்துக்கு வாடகை உதவி கிடையாது.

முதல் இரண்டு வகைகளிலும், வாடகை உதவிக்கு எல்.ஹெச்.ஏ. (Local Housing Allowance) எனப்படும் பகுதிவாரியான உச்சவரம்பு உண்டு, தாயின் சொந்த வருமானத்துக்கேற்பவும் தொகை குறையும். ஓய்வூதிய வயதை எட்டியவர்கள் பொதுவாகக் கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிபிட் கேட்க வேண்டும். அங்கே, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத பிள்ளையின் வருமானத்தைப் பொறுத்துக் கழிவு கூடும். சம்பளச் சீட்டைக் காட்டாவிட்டால் உயர்ந்த கழிவே விழும்.

கவனிக்க வேண்டியவை

கூட்டு ஒப்பந்தத்தில் மகன் பங்கைக் கட்டத் தவறினால், முழு வாடகையையும் வீட்டுக்காரர் தாயிடமே கேட்கலாம். மாதாமாதம் தொடரும் ஒப்பந்தமானால், ஒருவர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாலே இருவருக்கும் அது முடிந்துவிடும். தாயின் பெயர் மட்டும் இருந்தால், அவருக்குப் பின் அந்த வீட்டில் இருக்க மகனுக்கு உரிமை இல்லாமல் போகலாம். வேலை செய்யும் மகன் உடனிருந்தால், தனியாக வசிப்பவருக்கான 25 சதவீத கவுன்சில் டாக்ஸ் சலுகையும் கிடைக்காது. மகன் இருப்பதை மறைத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும், வழக்கும் வரலாம்.

முடிவு தவறென்றால்

யூனிவர்சல் கிரெடிட் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி ஒரு மாதத்துக்குள் கேளுங்கள். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மகன் வெளியேறி முழு வாடகையும் உங்கள் தலையில் விழுந்தால், சரிபாதிப் பங்கீடு நியாயமற்றது என்று காட்டி மாற்றிக் கேட்க இடமுண்டு. ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் ஆகிய அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. ஆங்கிலம் சிரமமானால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள்.

வீட்டுக்காரர் நீட்டும் ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். யார் பெயரைச் சேர்ப்பது என்பதைப் பிள்ளையோடும் ஆலோசகரோடும் பேசி, கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.