காற்றின் நிறை

ஆடி பிறந்ததும் மடுல்சீமை மலைகளில் கச்சான் காற்று இறங்கும். அதே நாள்களில் மேற்கே ஹட்டனில் மழை விடாமல் கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் அந்தச் சரிவுகளில் இறக்கிவைத்துவிட்டு, நடுமலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வெப்பமேறி வறண்டுபோகிறது. பகலில் உலர்காற்று, இரவில் குளிர். தேயிலைச் செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. கொழுந்து சிறுக்கிறது, அதற்குள் மணம் திரள்கிறது. தைலம்போல் மூக்கிலேறும் அந்த வாசனைக்கு மீதைல் சாலிசிலேட் என்ற பொருள் முக்கியக் காரணம். ஊவாத் தேயிலையின் பெயரே இந்தச் சில வாரங்களில் எழுந்ததுதான்.

கடவுள் காற்றுக்கு நிறையையும் தண்ணீருக்கு அளவையும் வைத்தார் என்று யோபு நூலின் 28ஆம் அதிகாரம் சொல்கிறது. மடுல்சீமையில் நின்று அதை வாசித்தால் விளக்கவுரை வேண்டியதில்லை. நடுமலை குறுக்கே நில்லாவிட்டால் இந்த வறட்சி இல்லை, இந்த மணமும் இல்லை. எவ்வளவு ஈரத்தை எங்கே இறக்குவது, எவ்வளவு வெறுமையோடு இந்தப் பக்கம் வருவது என்று காற்றுக்குச் சொல்லிக்கொடுத்த ஞானத்தின் முன் தலை தானாகவே தாழ்கிறது.

அளவு கெட்டால் என்னவாகும் என்பதையும் இந்த மலை கண்டிருக்கிறது. கோப்பிக் காலத்தில் காட்டை வெட்டி, மலைமலையாக ஒரே பயிரை நட்டார்கள். 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. இலங்கையில் கோப்பித் துருநோய் முதலில் தெரியவந்தது இங்கேதான். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சையியலாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சைக்கு அதே ஆண்டில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதன் வித்து ஒருபுறம் வழுவழுப்பு, மறுபுறம் முள். இலையின் மேல் ஒரு துளி ஈரம் கிடைத்தால் முளைத்து, இலை மூச்சுவிடும் துவாரத்தின் வழியே உள்ளே போகும். அதுவும் படைப்பின் நுட்பம்தான். எத்தியோப்பியாவின் காட்டு நிழலில், மற்ற மரங்களுக்கு நடுவே, கோப்பியும் துருவும் சேர்ந்தே வாழ்கின்றன. தடுக்க வேறு மரமே இல்லாத ஊவா மலைகளில் காற்று அந்த வித்தைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. சில பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அதுவும் ஒரே பயிராகவே வந்தது.

இயற்கையை மனிதனின் உடைமையாகப் பார்க்கக் கற்றுத்தந்தது கிறிஸ்தவமே என்று 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் குற்றம்சாட்டினார். மடுல்சீமை அடங்கும் பதுளை மாவட்டத்துக்காரர் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர்பெற்ற மேஜர் ரொஜர்ஸின் நினைவாகத்தான் பதுளை பரிசுத்த மாற்கு ஆலயமே எழுந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஆளுங்கள் என்று கேட்ட செவி, தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே ஆதாம் வைக்கப்பட்டான் என்ற அடுத்த அதிகாரத்தைக் கேட்கவில்லை.

பின்னர் திருச்சபை கேட்கத் தொடங்கியது. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பெரிய இடத்தை விட்டு இந்த ஏழை மாவட்டத்துக்கு வந்தார். 1989இல் கொன்ஸ்தாந்திநோபிளின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டெம்பர் 1ஐப் படைப்புக்காகச் செபிக்கும் நாளாக அறிவித்தார். கச்சான் ஓயும் நேரம் அது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸின் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்கச் சொன்னது.

அதற்கு ஏழு மாதம் முந்தி, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் ஊவாச் சரிவுகள் இடிந்தன. ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். கடவுள் வைத்த நிறையை நாம் மாற்றிவிட்டோம். நிலக்கரியையும் எண்ணெயையும் மிக அதிகம் எரித்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள், கூடிய பாரமோ லயத்துக் கூரையில் இறங்குகிறது.

காலநிலை நெருக்கடிக்கு என் விசுவாசம் தரும் பதிலை நான் லேவியராகமம் 25இல் காண்கிறேன். ஏழாம் ஆண்டு நிலம் ஓய வேண்டும், ஐம்பதாம் ஆண்டு காணி இழந்த குடும்பம் தன் காணிக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. 1823இல் தொடங்கிய மலையகத் தமிழரின் பயணத்தில் அப்படி ஐம்பதாண்டுகள் நான்கு கடந்துவிட்டன. சுற்றாடல் ஞாயிறன்று மரக்கன்று நடும் ஆலயங்கள், வழுக்கும் சரிவுகளைத் தேயிலையிலிருந்து மீட்டுக் காட்டுக்கும் மானாப்புல்லுக்கும் கொடுக்கும்படி கேட்கட்டும். அங்கிருந்து இறக்கப்படும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் காணி உறுதியையும் அதே மூச்சில் கேட்கட்டும்.