மெட்ராஸைக் காலி செய்த ஆறு கப்பல்கள்

பசிபிக் யுத்தம் என்றால் நம்மில் பலருக்கும் ஹாலிவுட் படம்தான் ஞாபகத்துக்கு வரும். பேர்ல் ஹார்பரில் தொடங்கி ஹிரோஷிமாவில் முடியும் அமெரிக்க - ஜப்பான் சண்டை. அதில் நமக்கென்ன என்று விட்டுவிடுவோம். ஆனால் அம்பத்தூர்க்காரனான எனக்கு அந்த யுத்தத்தில் மூழ்கிய ஆறு ஜப்பானியக் கப்பல்களின் பெயர் மனப்பாடம். அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, சுய்காகு, ரியூஜோ. ஆறும் விமானம் தாங்கிக் கப்பல்கள். 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, மெட்ராஸையே மூட்டை கட்ட வைத்தவை. நான் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவன். சரித்திரத்தில் பட்டமெல்லாம் இல்லை. கப்பல் பைத்தியம் மட்டும் உண்டு.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரை அடித்தவர் அட்மிரல் நகுமோ. அடுத்த சில மாதங்களில் ஜப்பான் போன வேகம் இன்றைக்குப் படித்தாலும் மலைப்பாக இருக்கிறது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர், மார்ச் 8-ல் ரங்கூன், மார்ச் 23-ல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் நகுமோவின் விமானங்கள் கொழும்புக்கு மேல் பறந்தன. முந்தின நாளே லெனர்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி தன் கேட்டலினா கடல் விமானத்திலிருந்து அந்தக் கப்பற்படையைப் பார்த்துவிட்டார். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் தகவல் அனுப்பியதால் துறைமுகத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. ஆனால் நடுக்கடலில் மாட்டிய கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோடு 424 பேர் போய்விட்டார்கள். ஏப்ரல் 6-ல் ரியூஜோவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9-ம் தேதி திருகோணமலை.

அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஜப்பான் படை கரையிறங்க வருகிறது என்று வந்த ஒரு தவறான தகவலை நம்பி, கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றியது. முக்கியமான வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று சொன்னது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று பயந்து, அங்கிருந்த சிங்கம் புலிகளை மலபார் போலீஸை விட்டுச் சுட்டுக் கொன்றார்கள். மெட்ராஸில் ஜப்பான் பயத்துக்கு முதல் பலி அந்த வாயில்லா ஜீவன்கள்தான்.

எங்கள் ஆயா அப்போது சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். "எவாகுவேஷன் வருஷம்" என்றுதான் அதைச் சொல்வாள். பித்தளை அண்டாவைக் கொல்லையில் புதைத்துவிட்டு, கைக்குழந்தையோடு மாட்டு வண்டியில் பூந்தமல்லி ஹைரோடு வழியாகத் திருமழிசையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வண்டிக்காரன் கேட்டதுதான் கூலியாம். "பூந்தமல்லியில மாட்டுக் கொட்டாய்க்குக்கூட வாடகை கேட்டாண்டா. ஜப்பான்காரனும் வரல, ஒண்ணும் வரல. திரும்பிப் போய்ப் பாத்தா அண்டாதான் இல்ல" என்பாள். ஜப்பான்காரனைவிட அந்த அண்டாவைத் தோண்டியெடுத்தவன் மேல்தான் அவளுக்குக் கோபம் அதிகம்.

ஜப்பான்காரன் ஏன் வரவில்லை? மெட்ராஸைப் பிடிப்பது அந்தப் பயணத்தின் நோக்கமே இல்லை. பிரிட்டிஷ் கப்பற்படையை நொறுக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அமெரிக்காவுடனான கணக்கு பசிபிக்கில் பாக்கி இருந்தது. மே மாதம் பவளக் கடல் சண்டையில் ஷோகாகு பலமாக அடி வாங்கியது, சுய்காகு விமானங்களை இழந்தது. அதனால் அடுத்த பெரிய சண்டையான மிட்வேக்கு இரண்டும் போக முடியவில்லை.

மிட்வே, ஹவாய்க்கு வடமேற்கே இருக்கும் ஒரு பொட்டுத் தீவு. ஜப்பானியரின் ரகசியச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்று ஓர் இடம் அடிக்கடி வந்தது. அது மிட்வேதானா என்று பார்க்க அமெரிக்கர்கள் ஒரு தூண்டில் போட்டார்கள். 'இங்கே நன்னீர் இயந்திரம் பழுது' என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாக ரேடியோவில் சொல்ல வைத்தார்கள். ஏ.எஃப்.-ல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியர் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள, குட்டு உடைந்தது.

ஜூன் 4 காலை நகுமோவின் கப்பல்களில் ஒரே குழப்பம். தீவைத் தாக்கக் குண்டு மாட்டு, இல்லை, கப்பலைத் தாக்க டார்பிடோ மாட்டு என்று உத்தரவு மாறிக்கொண்டே இருந்தது. கழற்றிய குண்டுகளைக் கீழே கிடங்குக்கு அனுப்ப நேரமில்லாமல், பெட்ரோல் நிரப்பிய விமானங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். ஃபேக்டரியில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்குக்கூட இது தெரியும், அவசரம் என்று சாமானைப் போட்ட இடத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று. பத்தரை மணி வாக்கில் அமெரிக்க விமானங்கள் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தன. சில நிமிடங்களில் அகாகி, சோர்யூ, இன்னொரு கப்பலான காகா மூன்றும் எரிந்தன. சாயங்காலம் ஹிர்யூவும். ஆயா திருமழிசைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மிச்சம் மூன்று. ரியூஜோ அதே ஆகஸ்டில் சாலமன் தீவுகள் பக்கம் போனது. ஷோகாகுவை 1944 ஜூனில் ஓர் அமெரிக்க நீர்மூழ்கி முடித்தது. பேர்ல் ஹார்பரை அடித்தவற்றில் கடைசியாக மிஞ்சிய சுய்காகு, அந்த அக்டோபரில் பிலிப்பைன்ஸ் அருகே மூழ்கியது. அமெரிக்க விமானிகளின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜெயித்தது பட்டறை என்பதுதான் என் கட்சி. யுத்தம் முடிவதற்குள் எஸ்ஸெக்ஸ் வகைப் பெரிய விமானம் தாங்கிகள் மட்டும் பதினைந்துக்கு மேல் கட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஜப்பானால் இழந்ததைக்கூட ஈடுகட்ட முடியவில்லை.

கடல் கைவிட்டுப் போகப் போக, அதற்கான விலையைத் தமிழன் கொடுத்தான். கப்பலில் ரங்கூனுக்குச் சரக்கு அனுப்பினால் நீர்மூழ்கி அடிக்கும் என்பதால், ஜப்பான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். மிட்வே பற்றிப் படம் எடுத்தவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

நம் பக்கம் யுத்தம் வேறு மாதிரி வந்தது. 1942 மத்தியிலிருந்து புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது பிரிவு இருந்தது. அதன் கேட்டலினாக்கள் அமெரிக்கத் தயாரிப்பு. நம் குடிநீர் ஏரியிலிருந்து கிளம்பி, வங்காள விரிகுடாவில் ரோந்து போய்த் திரும்பி ஏரியிலேயே இறங்கும். சோழவரத்தில் யுத்தத்துக்காகப் போட்ட ஓடுபாதையில் பின்னாளில் கார் ரேஸ் நடந்தது. ஆவடி ராணுவ முகாமும் கிடங்குமாகப் பெருகியது அந்த வருஷங்களில்தான். 1961-ல் டாங்க் ஃபேக்டரி வந்தபோது ஆவடி ஏற்கெனவே பட்டாளத்து ஊர். 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து மெட்ராஸில் குண்டு போட்டுவிட்டுப் போனது, பெரிய சேதமில்லை.

கடைசியில் படையெடுத்துப் போனது நாம் இருந்த பக்கம்தான். மலாயாவை மீட்க மெட்ராஸ் துறைமுகத்திலும் கப்பலேற்றினார்கள். அதற்குள் 1945 ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் பணிந்துவிட்டது. இருந்தும் போட்ட திட்டப்படி செப்டம்பர் 9-ல் மோரிப் கடற்கரையில் இறங்கினார்கள். வண்டிகள் வரிசையாகச் சேற்றில் புதைந்து நின்றன. எதிரே சுட ஆளில்லாததால் பிழைத்தார்கள்.