பருவும் கட்டியும்: கை வைக்கும் முன்

பதின்ம வயதுப் பேரன் கண்ணாடி முன் நின்று நகத்தால் பிதுக்கும் கரும்புள்ளிக்கும், அவனுடைய தாத்தா முதுகில் பல ஆண்டுகளாகச் சுமந்துவரும் நெல்லிக்காய் அளவுக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் எண்ணுவதில்லை. ஆனால் இரண்டும் பெரும்பாலும் தொடங்கும் இடம் ஒன்றே. தோலில் மயிர் முளைக்கும் சிறு குழிதான் அது. தோல் பிரிவுக்கு வருவோர் பலருக்கு நோயைக் காட்டிலும் அதற்கு முன் வீட்டில் செய்துகொண்ட வைத்தியமே மிகுந்த தொல்லை தந்திருக்கிறது. ஆகவே இவ்விரண்டையும் இங்கே சேர்த்தே விளக்குகிறோம்.

மயிர்க்காலை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி ஒன்று அமைந்திருக்கிறது. அதில் ஊறும் எண்ணெய்ப்பசை குழியின் வழியே மேலே வந்து தோலைக் காக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் கூடும்போது இச்சுரப்பிகள் பெருத்து மிகுதியாகச் சுரக்கின்றன. அதே சமயம் குழியின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைபட்ட வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருமை அழுக்கு அன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனினும், காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. “முகத்தை ஒழுங்காகக் கழுவினால்தானே” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதை அறிய வேண்டும். சோப்பைக் குழைத்து நாளைக்கு ஆறு முறை தேய்ப்பதால் கரும்புள்ளி போகாது. தோல் வறண்டு எரிச்சல் கொள்ளும். பரு கூடவும் செய்யும்.

சித்திரை வெயிலில் ராஜகிரி மலையில் ஏறி இறங்கியவருக்கு உடனே முகம் கழுவத் தோன்றுவது இயல்பு. கழுவலாம். மற்றபடி காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, மென்மையான சோப்போ முகக் கழுவியோ கொண்டு கையாலேயே கழுவினால் போதும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. நெற்றிக்கு வழியும்போதுதான் தொல்லை. நெற்றியில் முடி ஓரமாக மட்டும் வரிசையாகப் பரு வருமானால் தலை எண்ணெயை முதலில் ஐயுறுங்கள். தலைக்கவசத்தின் தாடைப்பட்டை உரசும் இடத்திலும் பரு வரும். அந்தப் பட்டையை அவ்வப்போது துவைத்து உலர்த்துங்கள்.

உணவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நிலக்கடலை தின்றதால் பரு வந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இனிப்பும் மைதாப் பண்டங்களும் மிகுந்த உணவுக்கும் பருவுக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளையின் தட்டிலிருந்து கடலையைப் பிடுங்குவதைவிடக் குளிர்பானத்தைக் குறைப்பது பயன் தரும்.

அடைபட்ட குழிக்குள் எண்ணெய் தேங்கும்போது, எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகைப் பாக்டீரியா அங்கே பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது வீக்கமும் சிவப்பும் சீழும் தோன்றுகின்றன. இந்நிலையில் பிதுக்கினால் சீழில் ஒரு பகுதி வெளியே வரும். மறுபகுதி குழியின் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே பரவும். முகத்தில் நிலைத்துவிடும் பள்ளங்கள் பலவும் ஆழமான பருக்களாலும் இவ்வாறு பிதுக்குவதாலும் விளைந்தவையே. மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் பரு ஆறிய பின் கறை மாதக்கணக்கில் தங்கும். உண்மையான ஆபத்து பெரும்பாலும் அந்தக் கறையிலிருந்துதான் தொடங்குகிறது. திருமணம் நெருங்கிய பெண்ணுக்கோ வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் இளைஞனுக்கோ அது பெரும் கவலை. யாரோ ஒருவர் ஒரு களிம்பின் பெயரைச் சொல்லுகிறார். கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது.

அக்களிம்புகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் குழாயின் மீது சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் சில வாரங்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும், சிவப்பு அடங்கும். தோலின் இரத்த நாளங்கள் சுருங்குவதாலும் வீக்கம் தணிவதாலும் நேரும் மாற்றம் இது. பின்னர் தோல் மெலிகிறது. வெயில் பட்டாலே எரிகிறது. கன்னத்தில் நுண்ணிய இரத்த நாளங்கள் தெரிகின்றன. பெண்களுக்குக்கூட முகத்தில் மயிர் வளர்கிறது. ஒரே அளவிலான பருக்கள் கூட்டமாக எழுகின்றன. அஞ்சி நிறுத்தினால் சில நாள்களில் முகம் சிவந்து கொதிக்கிறது. மீண்டும் தடவினால் அடங்குகிறது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அந்தக் குழாயை விட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

இது ஏதோ ஓரிருவர் கதை அன்று. நம் நாட்டின் 12 மருத்துவ மையங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், முகத் தோல் நோயுடன் வந்த 2,926 பேரைப் பரிசோதித்தனர். அவர்களுள் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு தடவிவந்தவர்கள். 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர்கள் மருத்துவர் அல்லாதவர்கள். 104 பேர் பருவுக்காகவே அதைப் பூசினர். 433 பேரில் 392 பேருக்குப் பக்கவிளைவு காணப்பட்டது. அவற்றுள் மிகுதியானது எது தெரியுமா? பருதான். வீரியம் மிக்க களிம்புகளைக் கிராமப்புற, புறநகர் மக்களே கூடுதலாகப் பயன்படுத்தினர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது. செஞ்சி போன்ற வட்டாரத்தில் வாழும் நாம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 2018இல் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருப்பது நல்லதே. ஆயினும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பாதிக் குழாயைச் சட்டம் வந்து எடுத்துப்போகாது. இத்தகைய களிம்பை நெடுநாள் பூசிவந்தவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். நிறுத்தும்போது வரும் எரிச்சலைத் தணிக்கவும் வழி இருக்கிறது.

பருவுக்கு முறையான மருந்துகள் உள்ளன. அடாபலின், பென்சாயில் பெராக்சைடு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். பத்தே நாளில் மருந்தை மாற்றிக்கொண்டே போவோருக்கு எந்த மருந்தும் பலன் தராது. கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிக்கும். கருவுற்றிருக்கும் பெண்ணும், கருவுறக்கூடிய நிலையில் தக்க தடுப்பு முறை இல்லாத பெண்ணும் அதை உட்கொள்ளவே கூடாது. பருவோடு மாதவிலக்கும் ஒழுங்கற்றிருந்து, மோவாயில் மயிர் வளர்ந்தால் சினைப்பையையும் இயக்குநீர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

இனித் தாத்தாவின் முதுகுக்கு வருவோம். மயிர்க்குழியின் மேற்பகுதி அடைபட்டு உள்நோக்கி உப்பும்போது அது ஒரு பையாகிறது. அதன் சுவர் மேல்தோலே என்பதால், வெளித்தோல் உதிர்ப்பதைப் போலவே அதுவும் செல்களை உதிர்க்கிறது. அவை வெளியேற வழியின்றி உள்ளே சேர்கின்றன. மக்கள் இதைக் கொழுப்புக் கட்டி என்கின்றனர். உள்ளே இருப்பது கொழுப்பு அன்று. நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம். பிசைந்த மாவு போல் இருக்கும், நாற்றமும் அடிக்கும். கட்டியின் நடுவே கரும்புள்ளி போன்ற சிறு துளை தென்படுவது இதன் அடையாளம். உண்மையான கொழுப்புக் கட்டியாகிய கழலை வேறு. அது மெத்தென்றிருக்கும், விரலுக்கடியில் வழுக்கும், துளை இராது.

இக்கட்டி தொந்தரவு செய்யாதவரை அதை விட்டுவைப்பதில் தவறில்லை. பிதுக்கினால் உள்ளிருப்பது வெளியேறுமே தவிரப் பை அங்கேயே இருக்கும், மீண்டும் நிரம்பும். பை உள்ளுக்குள் வெடித்தால் சுற்றிலும் வீங்கிச் சிவந்து வலிக்கும். அப்போது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் ஊர் வழக்கம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கவல்லது. நீரிழிவு உள்ளவர்க்கு அப்புண் எளிதில் ஆறாது. அத்தகையோர் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும்.

சீழ் பிடித்த கட்டியை அன்றே முழுமையாக எடுப்பதில்லை. தேவையானால் கீறிச் சீழை வெளியேற்றி, வீக்கம் தணிந்து சில வாரங்கள் கழிந்த பின் பையோடு அகற்றுவோம். அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பையின் சுவரில் சிறு துண்டு தங்கிவிட்டாலும் கட்டி மறுபடி வரக்கூடும் என்பதால் சற்றே நீளமாகக் கீற நேரிடலாம். கட்டி விரைந்து வளர்ந்தாலோ, கல்போல் இறுகி அசையாதிருந்தாலோ, மேல்தோல் புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். அகற்றியதை ஆய்வகத்துக்கு அனுப்பி என்னவென்று உறுதிசெய்வது அப்போது மிக இன்றியமையாதது. குழந்தைக்கு மூக்கின் அடியிலோ முதுகெலும்பின் நடுக்கோட்டிலோ பிறவியிலிருந்தே கட்டியோ துளையோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது உள்ளே மூளையுறையோடோ தண்டுவடத்தோடோ இணைந்திருக்கக்கூடும். அத்தகைய குழந்தைகளுக்கு முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வசதியும் அறுவை வல்லுநர்களும் உள்ள புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே தக்கது.