கறுப்புத் திரையின் கடைசி வரி

‘ஃபேட்டல்: நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்! சிஸ்டம் ஹால்டட்.’

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் முதன்முறையாக லினக்ஸ் நிறுவ உட்காரும் பலரை வரவேற்பது இந்த வரிதான். பல ஜிபி கோப்பைப் பொறுமையாகப் பதிவிறக்கி, ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கணினியே போய்விட்டதோ என்று வயிற்றைக் கலக்கும். ஒன்றும் போகவில்லை. டிரைவில் டிவிடி போட மறந்தாயிற்று, அவ்வளவுதான்.

இல்லாத டிரைவில் இல்லாத டிவிடியா? ஆம். ஓடிக்கொண்டிருக்கும் நிஜக் கணினிக்குள் ஒரு மென்பொருள் கட்டியெழுப்பும் இன்னொரு கணினியே மெய்நிகர் கணினி. அதற்கும் ஹார்ட் டிஸ்க் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய கோப்பு. டிவிடியும் அப்படித்தான்: பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுத்தால், உள்ளேயிருக்கும் கணினிக்கு யாரோ தட்டைச் செருகியதாகத் தோன்றும். இந்த மாயத்தை நடத்தும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக 1972-லேயே விஎம்/370 என்ற ஒன்றை அறிவித்துவிட்டது. மேசைக் கணினிக்கு அதைக் கொண்டுவந்தது 1999-ல் வெளியான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன். 2007-ல் விர்ச்சுவல்பாக்ஸ் வந்தது; அதே ஆண்டில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துகொண்டது.

பவர் கொடுத்த கணத்தில் எந்தக் கணினிக்கும் லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. முதலில் விழிப்பது பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்ற அடிப்படை நிரல். அது டிஸ்கைத் தேடிப் பிடித்து பூட்லோடரிடம் வேலையை ஒப்படைக்கும். லினக்ஸ் உலகில் அது பெரும்பாலும் கிரப். கிரப் போய், கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் அந்த மூட்டையைப் பிரித்து, உள்ளேயிருக்கும் டிரைவர்களின் உதவியால் உண்மையான டிஸ்கைத் திறந்து, சிஸ்டம்டி என்ற நிரலை எழுப்பும். லாகின் திரை அதற்கும் பிறகு.

மாடித் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போவதைப் போன்ற வரிசை இது. ஒவ்வொருவருக்கும் அடுத்து வாங்குபவரை மட்டுமே தெரியும். சட்டி எந்தக் கையில் நின்றதோ, அந்த ஆளின் குரல்தான் கடைசியாகக் கேட்டிருக்கும். ஆகவே கறுப்புத் திரையில் கடைசியாக நிற்கும் வரியைப் பேசியது யார் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். மேலே சொன்ன ‘நோ பூட்டபிள் மீடியம்’ பயாஸின் குரல். கிரப்பும் கெர்னலும் இன்னும் மேடைக்கே வரவில்லை. அந்த நேரத்தில் கெர்னல் அமைப்புகளை நோண்டிப் பயனில்லை. ஐஎஸ்ஓ கோப்பு இணைந்திருக்கிறதா, பூட் வரிசையில் டிவிடி டிரைவ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இணைத்தும் எழவில்லையென்றால் கோப்பின் மீதே சந்தேகம் திரும்ப வேண்டும். பாதியில் அறுந்த பதிவிறக்கம் முழுக் கோப்பைப் போலவே பெயரும் படமும் தாங்கி உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் வெளியீட்டாளர்கள் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற 64 எழுத்துக் கைரேகையைக் கூடவே தருகிறார்கள். தன் கணினியில் அதைக் கணக்கிட்டு ஒப்பிட ஓரிரு நிமிடம் ஆகும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பதிவிறக்குவதே வழி.

வீட்டுக்காரர் தராத அனுமதி

சில சமயம் சட்டி முதல் கைக்கே வராது. மெய்நிகர் கணினி எழும் முன்பே, விடி-எக்ஸ் முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இது உள்ளே இருக்கும் கணினியின் குறையே இல்லை. வெளியே இருக்கும் நிஜக் கணினியின் பயாஸில் சொடுக்க வேண்டிய ஒரு சுவிட்ச். மேசைக் கணினிகளில் வழக்கமான எக்ஸ்86 வகைச் சில்லுகள் மெய்நிகராக்கத்துக்காக உருவானவை அல்ல. தொடக்கத்தில் விஎம்வேர் அந்தக் குறையை மென்பொருள் வித்தைகளால் ஈடுகட்டியது. இன்டெல் 2005-ல் விடி-எக்ஸ் என்ற பெயரிலும், ஏஎம்டி 2006-லும் மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சில்லுக்குள்ளேயே வைத்தன. ஆனால் பல கணினிகள் கடையிலிருந்து வரும்போது இந்த வசதி அணைக்கப்பட்டே வருகிறது.

சுவிட்சைப் போட்ட பிறகும் விண்டோஸ் கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி முன்னதாகவே அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது விர்ச்சுவல்பாக்ஸ் சுற்றுவழியில் ஓடும். சாளரத்தின் கீழ்மூலையில் ஒரு பச்சை ஆமை உட்கார்ந்திருக்கும். விளையாட்டுக்கு வைத்த படம் இல்லை அது. வேகம் ஏன் ஆமையாகிவிட்டது என்பதற்கான விளக்கம்.

இதே வரிசையில் சேரும் இன்னொரு தவறு, 64 பிட் லினக்ஸுக்கு 32 பிட் கணினியைக் கட்டிக் கொடுப்பது. ‘எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஆனால் கண்ணில் பட்டது ஐ686 தான்’ என்று கெர்னல் தெளிவாகவே சொல்லிவிட்டு நின்றுவிடும். வகைப் பட்டியலில் ‘64 பிட்’ என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. ஆப்பிளின் எம்1 சில்லு வந்த 2020-க்குப் பிறகு இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்றும் பெருகியது. ஆர்ம் வகைச் சில்லு உள்ள மேக்கில், இன்டெல் கணினிக்கான ஐஎஸ்ஓவை மெய்நிகராக்கத்தால் ஓட்ட முடியாது. ஆர்ம்64 என்று குறித்த ஐஎஸ்ஓவைத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு வாசல்கள்

பயாஸ் முறை பழையது, குறுகலானது. டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 64 பைட் பிரிவினைப் பட்டியலுக்கு, 2 பைட் அடையாள முத்திரைக்கு. பூட்லோடருக்கு மிஞ்சுவது 446 பைட். அந்த இடுக்கில் கிரப் முழுசாக நுழையாது. ஒரு துண்டை அங்கே வைத்துவிட்டு, மீதியை டிஸ்கின் வேறு இடங்களில் பரப்பிக்கொள்ளும். யுஇஎஃப்ஐ அப்படியில்லை. ஃபேட் வகைப் பிரிவு ஒன்றைத் திறந்து, அதிலுள்ள கோப்பைப் பெயர் சொல்லி அழைக்கும்.

மெய்நிகர் கணினியில் இந்த இரண்டுக்கும் நடுவே மாற ஒரே ஒரு டிக் போதும் என்பதுதான் ஆபத்து. பயாஸ் முறையில் நிறுவிவிட்டு, பிறகு ஏதோ ஆலோசனை கேட்டு ‘எனேபிள் ஈஎஃப்ஐ’ பெட்டியில் டிக் போட்டால், நேற்றுவரை ஓடிய லினக்ஸ் இன்று எழாது. டிஸ்கில் எல்லாம் பத்திரமாகவே இருக்கும், வாசல்தான் மாறிவிட்டது. டிக்கை எடுத்தால் பழையபடி எழும்.

யுஇஎஃப்ஐக்கு ஞாபகமும் உண்டு. எந்தக் கோப்பை அழைக்க வேண்டும் என்பதை டிஸ்குக்கு வெளியே, தன் தனி நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவிய டிஸ்க் கோப்பை மட்டும் நகலெடுத்துப் புதிய மெய்நிகர் கணினியில் செருகினால் அந்தக் குறிப்பு கூட வராது. பொதுவான இடத்தில் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பு இருக்கிறதா என்று யுஇஎஃப்ஐ பார்க்கும். டெபியன் வழக்கமாக அங்கே எதையும் வைப்பதில்லை. விளைவு, ‘ஷெல்’ என்ற சொல்லும் அதன் பக்கத்தில் காத்திருக்கும் கோடும். அங்கேயே டிஸ்கின் பெயரைத் தட்டி, ஈஎஃப்ஐ அடைவுக்குள் டெபியன் அடைவைத் திறந்து, கிரப் கோப்பின் பெயரைச் சொன்னால் லினக்ஸ் எழுந்துவிடும். எழுந்த பிறகு கிரப்பை அந்தப் பொது இடத்திலும் ஒரு பிரதி நிறுவிவிட வேண்டும்.

ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை மெய்நிகர் கணினிகளில் வாசலில் காவலரும் நிற்பார்: செக்யூர் பூட். விண்டோஸுக்கான கையொப்பத்தை மட்டும் ஏற்கும்படிதான் அது முதலில் அமைந்திருக்கும். லினக்ஸ் பூட்லோடர்கள் மைக்ரோசாஃப்ட்டின் வேறொரு சான்றிதழால் கையொப்பமிடப்பட்டவை. அமைப்புப் பக்கத்தில் ‘மைக்ரோசாஃப்ட் யுஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அதாரிட்டி’ என்ற வார்ப்புருவுக்கு மாற்றினால் காவலர் வழிவிடுவார்; செக்யூர் பூட்டையே அணைக்கத் தேவையில்லை.

கிரப் கேட்கும் உதவி

‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரு சொற்களைப் பார்த்ததும் பலர் டிஸ்கை அழித்து மறுபடி நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது. கிரப்பின் முதல் துண்டு விழித்துவிட்டது. தன் மீதி உடம்பு எந்தப் பிரிவில் கிடக்கிறது என்பதுதான் அதற்குப் புரியவில்லை. பிரிவுகளை அழித்தோ நகர்த்தியோ விளையாடியதன் பலன் இது.

அந்த நிலையில் அதற்குத் தெரிந்த கட்டளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘எல்எஸ்’ என்று தட்டினால், ஹெச்டி0 என்ற டிஸ்கும் அதன் பிரிவுகளும் அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாக வரும். ஒவ்வொரு பிரிவையும் அதே கட்டளையால் திறந்து பார்க்க வேண்டும். ஒன்றில் ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்று வரும். இன்னொன்றில் பூட், ஈடிசி, ஹோம் என்று பழகிய அடைவுப் பெயர்கள் கொட்டும். வீடு அதுதான். ‘செட்’ கட்டளையால் ‘பிரிஃபிக்ஸ்’ என்பதை அந்தப் பிரிவின் பூட் அடைவிலுள்ள கிரப் அடைவுக்குத் திருப்பி, ‘இன்ஸ்மாட் நார்மல்’ என்றும், பிறகு ‘நார்மல்’ என்றும் தட்டினால் வழக்கமான பட்டியல் வந்து நிற்கும். உள்ளே போனதும் கிரப்பை டிஸ்கில் மறுபடி நிறுவாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

வேடம் போட்ட சில்லு

கிரப்பும் கைமாற்றிவிட்டது, எழுத்துகள் சரசரவென ஓடுகின்றன, திடீரென்று ‘கெர்னல் பேனிக்’. இங்கேதான் கடைசி வரியோடு அதற்கு முந்தைய வரியையும் படிக்க வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வந்ததும், அதையொட்டிய அல்மா, ராக்கி லினக்ஸ் 9 பதிப்புகளை மெய்நிகர் கணினியில் நிறுவியவர்கள் பலர் இந்தச் சுவரில் மோதினார்கள். ‘இனிட்டைக் கொல்ல முயற்சி’ என்று கெர்னல் அலறும்; இனிட் என்பது அது எழுப்பும் முதல் நிரல். அந்த அலறலை மட்டும் படித்தவர்கள் டிஸ்கைச் சந்தேகித்தார்கள். அதற்கு மேலே அமைதியாக இன்னொரு வரி இருந்தது: இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 தரத்தை ஆதரிக்கவில்லை.

சில்லோ புத்தம் புதியது. அது எப்படித் தரத்துக்குக் கீழே போகும்? பதில் ஹைப்பர்வைசரில் இருந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற மென்பொருள்கள் அன்று ‘கேவிஎம்64’ என்ற பழைய, பொதுவான சில்லின் வேடத்தையே மெய்நிகர் கணினிக்குப் போட்டுக் காட்டின. ஓடும் கணினியை வேறு வகைச் சில்லுள்ள சர்வருக்கு நிறுத்தாமல் நகர்த்த இந்த வேடம் உதவும். ஆனால் எஸ்எஸ்ஈ 4.2 போன்ற கட்டளைகள் அந்த வேடத்தில் கிடையாது. இந்த 9-ம் பதிப்புகளின் நிரல்களோ அவை இருக்கும் என்று நம்பித் தொகுக்கப்பட்டவை. முதல் நிரலே விழுந்ததும் கெர்னலுக்கு வேறு வழியில்லை. சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் வேடம் கலைந்து உண்மைச் சில்லு தெரியும். அடுத்த நொடி எல்லாம் ஓடும். 2023-ல் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 8 புதிய கணினிகளுக்கு இந்தப் பழைய வேடத்தைப் போடுவதை விட்டுவிட்டது.

டிஸ்கை உண்மையாகவே சந்தேகிக்க வேண்டிய இடமும் உண்டு. விஎம்வேரில் வளர்ந்த ஒரு லினக்ஸைக் கேவிஎம்முக்கு இடம் மாற்றும்போது, டிஸ்க் ‘விர்ட்ஐஓ’ என்ற வேறு வகையாகிவிடும். எஸ்டிஏ என்றிருந்த பெயரும் விடிஏ ஆகும். இனிட்ராம்எஃப்எஸ் மூட்டை பழைய வீட்டுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் கட்டி வைத்திருந்தால் புதிய டிஸ்க் அதன் கண்ணுக்கே தெரியாது. ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் கிரப் பட்டியலின் அடியில் ‘ரெஸ்க்யூ’ என்றொரு வரி இருக்கும். அதன் மூட்டையில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதில் நுழைந்து மூட்டைகளை மறுபடி கட்டச் சொன்னால் சரியாகிவிடும்.

எந்த வரியும் வராமல் வெறும் இருட்டு மட்டும் நின்றால்? பெரும்பாலும் கணினி எழுந்துதான் இருக்கிறது, படம் வரையத்தான் தடுமாறுகிறது. கிரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்ற சொற்களை அழித்துவிட்டு, ‘நோமோட்செட்’ என்று சேர்த்து எஃப்10 அழுத்தினால், அலங்காரத் திரைக்குப் பின்னால் மறைந்திருந்த வரிகளெல்லாம் வெளியே வரும். விர்ச்சுவல்பாக்ஸில் கிராஃபிக்ஸ் வகையை விஎம்எஸ்விஜிஏ என்று வைத்து 3டி முடுக்கத்தை அணைப்பதும் பலருக்கு வேலை செய்திருக்கிறது.

இத்தனையும் தாண்டி நிறுவல் முடிந்தபின் உபுண்டு ஒரு கடைசி வேண்டுகோள் வைக்கும்: நிறுவல் தட்டை எடுத்துவிட்டு என்டர் தட்டவும். நிஜக் கணினியில் தட்டு தானே வெளியே நீளும். இங்கே எதுவும் நீளாது. ஐஎஸ்ஓ இன்னும் இணைந்தே இருந்து, பூட் வரிசையிலும் டிவிடியே முன்னால் நின்றால், மறுபடி அதே நிறுவல் பட்டியல் வரும். அரை மணி நேர வேலை அழிந்ததோ என்று தோன்றும். சாதனப் பட்டியலைத் திறந்து, இல்லாத டிரைவிலிருந்து இல்லாத டிவிடியை எடுத்துவிட்டு என்டர் தட்டினால், சில நொடிகளில் லாகின் திரை பயனர் பெயரைக் காட்டிக் கடவுச்சொல்லுக்குக் காத்திருக்கும்.