நாக்கை நீட்டுங்க சார்!

காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரவே பத்து நிமிஷம் நிற்கிறோம். ஒரு நிமிஷம் நாக்கையும் நீட்டிப் பாருங்க சார்! (மனைவி பார்க்காத நேரமாக இருந்தால் உத்தமம்.)

மெல்லிசாக வெள்ளை படிவது சகஜம், வழித்தால் போய்விடும். ஆனால், திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, துடைத்தால் அடியில் சிவந்து எரிகிறதா? 'கேண்டிடா' என்ற பூஞ்சையின் கைவரிசையாக இருக்கலாம்.

ஆசாமி வெளியூர்க்காரர் இல்லை. நம்மில் பலர் வாயில் வாடகை தராமல் குடியிருப்பவர்தான். நல்ல பாக்டீரியாக்கள் காவல் இருக்கிறவரை வாலைச் சுருட்டிக்கொண்டிருப்பார். ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு விழுங்கினால் காவல் போச்சு! ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், சிகரெட் பிரியர்கள், ராத்திரியும் பல்செட்டைக் கழற்றாத தாத்தாக்கள்... இவர்களிடமும் வாலாட்டுவார்.

மருந்து இருக்கிறது. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் 1950-ல் அறிவித்த 'நிஸ்டாடின்' இன்றும் கை கொடுக்கிறது. நீங்களாகக் கடையில் வாங்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ஏன் என்றால், சின்ன வயசில் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே சர்க்கரையோ, எச்.ஐ.வி.யோ ஒளிந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு வெட்கப்படாதீர்கள். சீக்கிரம் தெரிந்தால் இரண்டையும் கட்டுப்பாட்டில் வைக்கலாம்.

ஊரில் எல்லோரைப் பற்றியும் பேசுகிற நாக்கு, நம்மைப் பற்றியும் ஒரு உண்மை சொல்ல வருகிறது. கேட்டுத்தான் வைப்போமே!